பதினாறில் இல்லாத நிறம்

படத்தின் வலது மூலையில் அழுக்கு இருந்தது. ரஹீமா முதலில் திரையைத்தான் துடைத்தாள். இருபத்தெட்டு வருடத்துப் பழைய மானிட்டர். கண்ணாடியின் மேல் தூசி படிந்து பிசுக்காகிக் கிடந்தது. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாள், காய்ந்த துணியால் ஒரு முறை. தூசி போயிற்று. அழுக்கு போகவில்லை. அது கண்ணாடியில் இல்லை, படத்துக்குள் இருந்தது.

படம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து யாரோ வரைந்த ஓர் அறை. நீலச் சுவர், சிவப்புத் தரை, மஞ்சள் ஜன்னல், கதவு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் காட்டிய பதினாறு நிறங்களில், பள்ளிக்கூடப் பிள்ளை வண்ணம் அடித்த மாதிரி. கதவோரம் மட்டும் தரையிலிருந்து நிலையின் உயரம் வரைக்கும் கலங்கலாக எதுவோ பூசியிருந்தது. ஒரு ஆள் உயரம் இருக்கும்.

ரஹீமாவுக்குக் கொல்லங்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கல்யாணப் போட்டோக்களை மீட்டுத் தருவதில் அவளுக்குப் பேர் உண்டு. அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஆறுச்சாமி கூப்பிட்டிருந்தார். கோவிந்தாபுரத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், மாந்தோப்புக்கு நடுவில் தனியாக நிற்கிற வீடு. எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். "பொட்டிய வெளிய அனுப்ப மாட்டேனுங்க அம்மணி. நீங்கதான் ஊட்டுக்கு வரோணும். எம்பட ஊட்டுக்காரி வரைஞ்ச படமெல்லாம் அதுக்குள்ள கெடக்குது" என்று போனில் சொல்லியிருந்தார். மகன் தங்கதுரை பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவனுக்காக வாங்கிய கம்ப்யூட்டராம். அவன் ஹாஸ்டலுக்குப் போனபின் அம்மா ராசம்மாள்தான் மத்தியான வேளைகளில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள் ரஹீமா. அழுக்கு இல்லை, புள்ளிகள். ஒரு கரும்பச்சை, ஒரு அரக்கு, ஒரு சாம்பல். மறுபடி கரும்பச்சை, அரக்கு, சாம்பல். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொடுக்கி வைத்தது. ஆயிரக்கணக்கில். அந்தக் காலத்தில் இல்லாத நிறத்தைக் காட்ட இப்படித்தான் செய்வார்கள்: இருக்கிற நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைத்தால் தள்ளி நின்று பார்க்கிற கண்ணில் அவை கலந்துவிடும். ராசம்மாளுக்கு ஏதோ ஒரு நிறம் வேண்டியிருந்திருக்கிறது. பதினாறில் அது இல்லை.

மொத்தம் பதினோரு படங்கள். எல்லாமே இந்த வீட்டு அறைகள்தான். சமையல்கட்டு, நெல் வைக்கிற அறை, கிணற்றுக்குப் போகிற நடை. எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மூலையில் அதே ஆள் உயரப் புள்ளிக் கூட்டம்.

"படத்துல யாராச்சும் இருக்கறாங்களா அம்மணி?"

திரும்பினாள். வாசற்படியில் ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடியிருந்தார். வெயிலுக்கு மறைக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அறைக்குள் வெயில் இல்லை.

"யாரும் இல்லீங்கய்யா. வெறும் ரூம்தானுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போகும்போது அறையைப் பார்க்காமல், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். இந்த ஆள் எதையும் தேடவில்லை, எதுவோ அகப்பட்டுவிடக் கூடாது என்று பார்க்கிறார் என அவளுக்குத் தோன்றியது.

திரை கண்ணை உறுத்தியது. மெஷினைப் பதினாறு நிறத்திலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். அதைவிட நன்றாகக் காட்டும் திறன் அதற்கு உண்டு, அதற்கான டிரைவர் மென்பொருளை யாரோ வேண்டுமென்றே எடுத்திருந்தார்கள். மேசை இழுப்பறையில் அந்த டிரைவர் ஃப்ளாப்பி கிடந்தது. கத்தரிக்கோலால் பாதி வரை வெட்டியிருந்தது. ஒட்டியிருந்த தாளில் குண்டு குண்டான எழுத்தில், 'நிறம் வேண்டாம்' என்று இருந்தது. ரஹீமாவிடம் எல்லாப் பழைய டிரைவரும் உண்டு. தன்னுடையதைப் போட்டு, இருநூற்று ஐம்பத்தாறு நிறத்துக்கு மாற்றி, மெஷினை அணைத்துப் போட்டாள். அது கரகரவென்று எழுந்து வருவதற்குள் பின்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

முதல் படத்தைத் திறந்தாள்.

கதவோரத்தில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

புள்ளிகள் இல்லை. எல்லாம் கலந்து ஒரே நிறமாகியிருந்தது. அடிபட்ட இடம் ஆறி வரும்போது ஓரத்தில் தெரிகிற நிறத்துக்குக் கொஞ்சம் பக்கம், ஆனால் அதுவும் இல்லை. அந்த நிறத்துக்கு அவளிடம் பேர் இல்லை.

அப்படி நடக்காது. அது அவளுக்குத் தெரியும். ஒரு படி அரிசியை அண்டாவில் கொட்டினால் அரிசி கூடிவிடாது. படம் பதினாறு நிறத்தில் பதிந்தது. திரையில் எத்தனை நிறம் கூட்டினாலும் அந்தப் பதினாறுதான் தெரியும். அப்படியானால் யாரோ படத்தை மாற்றியிருக்க வேண்டும். அவள் முகம் கழுவப் போனது ஐந்து நிமிடம். வீட்டில் இன்னொரு ஆள்தான் இருக்கிறார்.

கோப்பின் தேதியைப் பார்த்தாள். பிப்ரவரி 1997. அளவில் மாற்றமில்லை. ஃப்ளாப்பியில் நகலெடுத்துத் தன் லேப்டாப்பில் திறந்தாள். அங்கே புள்ளிகள் மட்டும். பச்சை, அரக்கு, சாம்பல். பக்கத்தில் பழைய திரையில் அந்த முதுகு. ஒரே படம்தான்.

அன்றைக்கு அதோடு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று நிற்காமல் வீசியது. பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசி, பக்கத்து அறையில் யாரோ காகிதம் புரட்டுகிற மாதிரி சத்தம். மாம்பூவின் புளிப்பும் பூவுக்கு அடித்த மருந்தின் நெடியும் சேர்ந்து தொண்டையில் ஒட்டியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு மெல்ல மெல்ல அவள் நாற்காலிக் கால் வரை வந்தது. மெஷினில் தன் அடையாளத்துக்காக முந்தின நாள் ஒட்டிவைத்த செல்லோடேப் கிழியாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. அறுபத்தைந்தாயிரம் நிறத்துக்கு மாற்றினாள்.

இப்போது தோள் தெரிந்தது. காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது. தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நேற்றுத் திரும்பியிருக்கவில்லை.

பதினோரு படத்திலும் அதே ஆள். உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் கோடே இல்லை. நிறம் மட்டும்தான் அதைச் சுவரிலிருந்து பிரித்தது.

கூடத்தில் ராசம்மாளின் போட்டோ மாட்டியிருந்தது. நாற்பது வயதிருக்கும், நேராகப் பார்க்கிற கண்கள். தண்ணீர் குடிக்கப் போன சாக்கில் அதன் முன்னால் நின்று ரஹீமா கேட்டாள்.

"அம்மா எப்படீங்க தவறினாங்க?"

ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை கண்ணிலிருந்து இறங்கவில்லை.

"கெணத்துல உழுந்துட்டா."

"எப்பங்க?"

"மத்தியானம். இதே மாதிரி வெயிலு. கண்ண மூடிட்டு நடந்தா." கண்ணை மூடிய கையை இன்னும் அழுத்திக்கொண்டார். "படத்துல யாராச்சும் இருக்கறாங்களா அம்மணி?"

"இல்லீங்க."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. தன் ஊருக்குள், தன் நடையில், பகல் வெளிச்சத்தில், இருபது வருடமாகத் தண்ணீர் இறைத்த கிணற்றில் ஒரு பொம்பளை தானாக விழுவாளா? சாவதற்கு முன்னால் பதினோரு படம் போட்டு, பதினொன்றிலும் ஒரே ஆளை யாருக்கும் புரியாதபடி ஒளித்து வைத்திருக்கிறாள். சொல்ல முடியாததை வேறு எப்படிச் சொல்வாள்? கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு படி கூட்டினால் முகம் வந்துவிடும். யார் முகம் என்று ரஹீமாவுக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவன் கலீலிடம் சொன்னாள். அவன் வீட்டு முன்கட்டிலிருந்த தன் மளிகைக் கடையில் பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் போகாத ரஹீமா. போன்ல ஏதாச்சும் சொல்லிரு."

"அந்தம்மாவுக்கு நடந்ததை யாருங்க கேப்பா?"

"போலீஸ் கேக்கட்டும்."

"போலீஸ்ட்ட என்னன்னு சொல்றது? படத்துல புள்ளி இருக்குன்னா?"

கலீல் மூட்டையை ஓரமாகத் தள்ளினான். "ஒவ்வொரு அரை மணிக்கும் மெசேஜ் போடு. வரலேன்னா நான் வண்டிய எடுத்துட்டு வந்துருவேன்" என்றான்.

மூன்றாம் நாள் ஆறுச்சாமி வீட்டுக்குள் இல்லை. வெளியே களத்தில், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "போங்க அம்மணி, தொறந்துதான் கெடக்குது" என்றார், திரும்பாமல்.

ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறம். அந்த மெஷினின் டிஸ்ப்ளே கார்டுக்கு அதுதான் கடைசிப் படி. மெஷின் அணைந்து எழுந்தது. டிஸ்க் அரைபட்டது. விசிறி முனகியது. கலீலுக்கு 'வந்துட்டேன்' என்று அனுப்பினாள். முதல் படத்தைத் திறந்தாள்.

முகம் வந்திருந்தது.

ஆறுச்சாமியின் முகம் இல்லை. யார் முகமுமே இல்லை. மூக்கு, வாய், எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு முகம் இன்னொரு ஆளைப் போல இருக்குமே, அப்பனைப் போல, ஊரைப் போல, மனிதரைப் போல. இது எதைப் போலவும் இல்லை. அது அவளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

நீலச் சுவர். சிவப்புத் தரை. மஞ்சள் ஜன்னல். கதவு.

இந்த அறை.

சுவருக்கு இப்போது வெள்ளை அடித்திருக்கிறது, அவ்வளவுதான். கதவு அவளுக்கு வலப்பக்கம். மூன்று நாளாக வலப்பக்கம். அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள்.

நின்றுகொண்டிருந்தது.

வெள்ளைச் சுவரில் கதவின் நிழல். நிழலுக்கும் சுவருக்கும் இடையில் அந்த நிறம். மூன்று நாள் பார்த்துப் பார்த்துக் கண் அதைப் பழகியிருந்தது. பழகிய கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். கட்டில். கிழவரின் முதுகு.

எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. அது திரும்பவில்லை. கதவு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு முழம். அதைத் தாண்டித்தான். போனாள். தோளில் ஒன்றும் படவில்லை. குளிரவில்லை. நாற்றமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றுமே இல்லை.

களத்தின் நடு வெயிலில் வந்து நின்றாள். ஆறுச்சாமி அவள் கால்களைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்க" என்றார்.

"ஐயா..."

"கண்ணுல பொரை வளந்து பத்து வருசமாச்சுங்க. எல்லாம் மங்கல். மஞ்சளா, பழைய வேட்டி மாதிரி. போன மாசம் இந்தக் கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணுனாங்க." மூடியிருந்த இடது கண்ணைக் காட்டினார். "கட்டுப் பிரிச்சாங்க. நெறமெல்லாம் அப்படித் தெரியுதுங்க, கொழந்தையில பாத்த மாதிரி. டாக்டரு சிரிக்கறாரு. அவரு தோளுக்குப் பின்னால அது நின்னுட்டிருக்குது."

காற்று நின்றிருந்தது. பனைமட்டைகூட அசையவில்லை.

"எங்கூடவே வந்துச்சு. எங்கூடத்தான் இருக்குது. இந்தக் கைய எடுத்தாத் தெரியும். எடுக்கறதில்லீங்க." தொண்டையைச் செருமினார். "அவ சொன்னா. 'உங்க பக்கத்துல ஒண்ணு நிக்குது'ன்னு தெனமும் அழுவா. எனக்கொண்ணும் தெரியலே. கிறுக்குன்னேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வரைஞ்சு காட்டறேன்னு இந்தப் பொட்டி முன்னால உக்காந்தா. அந்த நெறம் இதுல இல்லே, இல்லேன்னு சொல்லிட்டே புள்ளி வெச்சா. கடைசீல நெறமே வேண்டாம்னு ஃப்ளாப்பிய வெட்டிப் போட்டா. ஒரு நா எனக்கு எரிச்சலா வந்துருச்சு. 'கண்ணுக்குத் தெரியுதுன்னா கண்ண மூடிட்டுத் திரியேன்டி'ன்னு கத்திட்டேன். அன்னைலிருந்து மூடிட்டா. மூடிட்டேதான் நடந்தா. நாலு நாளு." கையை எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினார். "அம்மணி. உங்களுக்கு எங்கூடப் பகையில்லே, ஒறவில்லே. உள்ளதச் சொல்லுங்க. படத்துல இருக்குதா? அவ கண்டதுதான் எனக்கும் தெரியுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுச் சொன்னவள்தானே. ஆனால் அவளிடம் இப்படி எவரும் கெஞ்சியதில்லை. மூன்று நாளாக அவர் மேல் வைத்திருந்த சந்தேகம் வாயில் கசந்தது. அதற்கு ஈடாக எதையாவது கொடுத்தாக வேண்டும் போலிருந்தது.

"இருக்குதுங்கய்யா. அம்மாவுக்குக் கிறுக்கில்லீங்க."

ஆறுச்சாமி சத்தமில்லாமல் அழுதார். மூடிய கைக்குள்ளிருந்தும் கண்ணீர் வழிந்தது. "வியாழக்கெழம மத்தக் கண்ணுக்குங்க ஆப்பரேசன்" என்றார் கடைசியாக. "மகன் தேதி வாங்கிட்டான்."

"எங்கூட வாங்கய்யா. கொல்லங்கோட்டுல எங்க ஊட்டுல இருக்கலாம். தனியா இருக்காதீங்க."

"தனியா இல்லீங்களே" என்றார்.

ஆறுச்சாமியிடம் நம்பர் வாங்கித் தங்கதுரைக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. 'அப்பாவைத் தனியா விடாதீங்க, உடனே வாங்க' என்று செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். வண்டி கோவிந்தாபுரம் ரோட்டுக்கு ஏறும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் தங்கதுரை கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, அப்பா ரெண்டு கண்ணுலயும் சுண்ணாம்ப அப்பிக்கிட்டாருங்க. நான் வந்து சேர்றப்ப விடிஞ்சிருச்சு. பாலக்காட்டு ஆஸ்பத்திரில இருக்கறோம். நேத்து அங்க என்னங்க நடந்துச்சு?"

கலீல்தான் கூட்டிப்போனான், கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். ரஹீமா மட்டும் மாடியேறினாள். பதினோரு மணி. பெரிய வார்டு, இருபது கட்டில், எல்லா டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. டெட்டால் வாசனை, ஆரஞ்சுத் தோல் வாசனை, யாரோ ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்கள் பெரிது பெரிதாகத் திறந்திருந்தன. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லாத இடம்.

"அஞ்சு நிமிஷம் மதி கேட்டோ சேச்சி" என்றாள் வாசலில் நர்ஸ், ஐந்து நிமிடம் போதும் என்று மலையாளத்தில். சட்டையில் ஜோமோள் என்று பேர்.

கடைசிக் கட்டிலில் ஆறுச்சாமி. இரண்டு கண்ணுக்கும் கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் தங்கதுரை தலையைக் கவிழ்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கிழவரின் முகம் தளர்ந்து அமைதியாக இருந்தது. முதல்தடவையாக அவருடைய இரண்டு கையும் கீழே மார்பின் மேல் கிடந்தன.

தலைமாட்டில் அது குனிந்திருந்தது.

அவர் முகத்துக்கு வெகு பக்கத்தில். கட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண் கட்டை. வலது கண் கட்டை. மறுபடி இடது. பொறுமையாக. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பவரைப் போல.

ரஹீமா வார்டின் இந்தக் கோடியில் நின்றாள். நடுவில் பத்துக் கட்டில்.

அது நிமிர்ந்தது.

மெல்லத் திரும்பியது. முகம் முழுதும். நேராக.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

கடைசிக் கட்டிலுக்கு அருகில் வாளியோடு நின்ற துப்புரவுக்காரர் ஒருவர் அரையடி ஒதுங்கினார், எதற்கென்று தெரியாமல். அடுத்த கட்டிலில் ஒருவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். கஞ்சி ஊட்டிய பெண் பேச்சை நிறுத்தாமலே குழந்தையைத் தன் பக்கம் இழுத்து வழி விட்டாள். தட்டோடு நடுவில் வந்த ஜோமோள் யாருக்கோ இடம் கொடுப்பதுபோல் சுவரோரம் சாய்ந்து நின்றாள். ஒவ்வொருவராக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், யாரும் யாரையும் பார்க்காமல், அவளை நோக்கி ஒரு பாதை திறந்துகொண்டே வந்தது.